எங்கள் வெட்டி, உங்கள் தன்னார்வம்

ஊர் உறங்கப் போகிற நேரத்தில்தான் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் பொழுது விடிகிறது. நள்ளிரவு தாண்டியதும் லாரிகள் வந்து நிற்கும். கோஸ், கத்திரி, தக்காளிக் கூடை, வெங்காய மூட்டை. சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்குகிற சுமைத் தொழிலாளிக்கு, எதை எப்படித் தூக்கினால் இடுப்பு பிழைக்கும் என்று தெரியும். எந்தச் சந்தில் எந்த மண்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தரைக்கடை போட்டிருக்கும் அம்மாவுக்குத் தக்காளியைத் தொட்டதுமே தெரியும், இது சாயங்காலம் வரைக்கும் தாங்குமா, மத்தியானமே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதா என்று. விடிந்ததும் அழுகலையும் சகதியையும் அள்ள வருகிற துப்புரவுத் தொழிலாளிக்கு எந்தச் சாக்கடை எந்த இடத்தில் அடைக்கும் என்று தெரியும்.

இவங்களுக்கெல்லாம் 'ஸ்கில்' கிடையாதாம். குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கிற அரசாங்கக் காகிதத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'திறன் பெறாத தொழிலாளர்'.

இதே திருச்சியில் நாவல்பட்டில் ஐ.டி. பூங்கா இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் திறன் உள்ளவர்கள். அதில் நம் வீட்டுப் பிள்ளைகளும் கொஞ்சம் பேர் இப்போது உண்டு. அதைப் பிறகு பேசுவோம். இப்படிப்பட்ட ஊழியர்களிடம் உலகமெங்கும் பெரிய கம்பெனிகள் ஒரு வேண்டுகோள் வைக்கின்றன: உன் திறனைக் கொஞ்சம் ஏழைகளுக்குக் கொடு. இதற்குப் பெயர் 'திறன்சார் தன்னார்வத் தொண்டு'. முன்பெல்லாம் கம்பெனி ஊழியர் தொண்டு என்றால் மரம் நடுவது, ரத்ததானம், விடுதிப் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சோறு. இப்போது அது போதாது என்கிறார்கள். கணக்கு தெரிந்தவர் தொண்டு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மென்பொருள் தெரிந்தவர் செயலி செய்து தர வேண்டும். நிர்வாகம் தெரிந்தவர் திட்டம் போட்டுத் தர வேண்டும். எல்லாம் உலகத்தின் நிலைத்த வளர்ச்சிக்காக.

ஐ.பி.எம். கம்பெனி 2008-ல் தன் ஊழியர்களைச் சிறு குழுக்களாக்கி, ஒரு மாத காலம் வளரும் நாடுகளுக்கு அனுப்பி வேலை செய்ய வைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. டாடா குழுமம் 2014-ல் 'புரோஎங்கேஜ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊழியர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் சில மாதங்கள் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு உழைக்கலாம். அதே 2014 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது. 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி வரவு செலவோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். 2015 செப்டம்பரில் ஐ.நா. சபை 2030-க்குள் அடைய வேண்டியவை என்று 17 இலக்குகளையும் அவற்றுக்குள் 169 குறியிலக்குகளையும் அறிவித்தது. கம்பெனி அறிக்கைகளில் கலர் கலராக வரும் 17 கட்டங்கள் அவைதான்.

வறுமை ஒழிப்பு, சுத்தமான தண்ணீர், கௌரவமான வேலை, ஏற்றத்தாழ்வைக் குறைத்தல். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் 169 குறியிலக்குகளையும் வரி வரியாகப் படித்துப் பாருங்கள். ஏற்றத்தாழ்வு பற்றிய பத்தாவது இலக்கில் வயது, பால், மாற்றுத்திறன், இனம், பூர்வீகம், மதம், பொருளாதார நிலை எல்லாம் வருகின்றன. சாதி என்ற சொல் வரவில்லை. 'இதர நிலை' என்று ஒரு மூலை இருக்கிறது. அதில் நம்மை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். 2001-ல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று தலித் இயக்கங்கள் மன்றாடியபோது, கூடாது என்று நின்றது இந்திய அரசு. உலகத்தின் நோய்ப்பட்டியலில் நம் நோயின் பெயர் எழுதப்படாமல் போனது தற்செயல் இல்லை.

பெயர் எழுதாத நோய்க்கு வைத்தியம் பார்க்க வருகிறவர் என்ன செய்வார்? காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பார். நம் பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பார். நம் பெண்களுக்குச் சேமிப்பைப் பற்றிப் பாடம் நடத்துவார். கை கழுவுவது எப்படி என்று படம் போட்டுக் காட்டுவார். பிறகு போட்டோ. 'வர்றாங்க, கிளாஸ் எடுக்கிறாங்க, போட்டோ புடிக்கிறாங்க, போயிடுறாங்க' என்று சேரியில் சொல்வது பொறாமையால் சொல்வதல்ல. வந்தவர் திரும்பிப் போகிற இடத்தின் கதவு தனக்குத் திறக்குமா என்ற கேள்வி அதில் இருக்கிறது.

தோழர்களே, கூலி வாங்காமல் உழைப்பது நமக்குப் புதிதா? சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே 'வெட்டி' என்ற சொல் இருக்கிறது. கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய உழைப்புக்குப் பெயர் அது. அந்தச் சொல்லிலிருந்துதான் வெட்டியான் வந்தார். ஊர் காவல், எல்லைக் காவல், மடை திறப்பது, சாவுச் சேதி சொல்வது, செத்த மாடு தூக்குவது, சுடுகாட்டில் பிணம் எரிப்பது. இதற்கெல்லாம் எவ்வளவு திறன் வேண்டும்! எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று கணக்கு வைத்திருந்தவர் அவர். இன்றைக்குத் தமிழில் 'வெட்டிப் பேச்சு', 'வெட்டிப் பயல்' என்றால் உபயோகமற்றது என்று பொருள். யார் ஓயாமல் உழைத்தார்களோ அவர்களின் உழைப்பின் பெயரே சோம்பேறித்தனத்துக்குப் பெயராகிவிட்டது. மொழி செய்த அநியாயம் என்று விடக்கூடாது. கூலி கொடுக்காதவன் செய்த அநியாயம்.

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனால் 'கைங்கரியம்' என்று ஒரு சொல் கேட்கும். அதுவும் கூலிக்குச் செய்யாத ஊழியம்தான். ஆனால் கைங்கரியம் செய்தவருக்குப் பரிவட்டம் உண்டு, தீர்த்தம் உண்டு, மரியாதை உண்டு. வெட்டி செய்தவருக்கு மீந்த சோறு. மேலே இருக்கிறவன் கூலியில்லாமல் செய்தால் புண்ணியம்; கீழே இருக்கிறவன் செய்தால் கடமை. தன்னார்வம் என்ற புதுச் சொல்லும் இந்தப் பழைய தராசில்தான் நிறுக்கப்படுகிறது. 2014 அக்டோபர் 2-ல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியபோது ஒவ்வொருவரும் வருடத்துக்கு 100 மணி நேரம் துப்புரவுக்குத் தருவேன் என்று உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். நடிகர்களும் அதிகாரிகளும் துடைப்பம் பிடித்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 100 மணி நேரம் கூட்டினால் தேசபக்தி. ஆயுசு பூராவும் கூட்டினால்? பக்கத்தில் உட்கார இடம் கிடையாது.

மார்க்கெட்டுக்குக் காந்தியின் பெயர் இருக்கிறது. அதனால் ஒரு பழைய கடிதத்தை இங்கே ஞாபகப்படுத்துவது பொருத்தம்தான்.

1932 செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 30-ல், பம்பாயில் தீண்டாமை எதிர்ப்புச் சங்கம் ஒன்று உருவானது. பின்னால் 'ஹரிஜன சேவா சங்கம்' என்று பெயர் பெற்றது அதுதான். தலைவர் யார்? தொழிலதிபர் ஜி.டி. பிர்லா. செயலாளர் ஏ.வி. தக்கர். கம்பெனி முதலாளி தலைமையில் தீண்டப்படாதவருக்குத் தொண்டு செய்வது இன்றைக்கு நேற்று கண்டுபிடித்ததல்ல என்பதற்காகச் சொல்கிறோம்.

அதே ஆண்டு நவம்பரில், மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர், நடுவழியில் தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் சாரம் இது. தாழ்த்தப்பட்டவரின் தனிமனித ஒழுக்கத்தைத் திருத்துவது ஒரு வழி: மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம், பள்ளிக்கூடம். அவரைச் சுற்றியிருக்கும் சமூகச் சூழலை மாற்றுவது இன்னொரு வழி. சங்கம் தன் பலத்தையெல்லாம் இரண்டாவதில் செலவிட வேண்டும். கிணறு, பள்ளி, சாவடி, பொது வாகனம் ஆகியவற்றில் உரிமை வாங்கித் தர வேண்டும். சம வாய்ப்பு வாங்கித் தர வேண்டும். சமமாகக் கலந்து பழகும் உறவை உண்டாக்க வேண்டும். இந்த வேலைக்குத் தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்தே ஊழியர்களை எடுக்க வேண்டும்.

சம வாய்ப்பு பற்றி எழுதும் இடத்தில் அவர் காய்கறிக்கு வருகிறார். காய்கறி, பால், வெண்ணெய் விற்றுப் பிழைப்பது கௌரவமான தொழில். மற்றவர்கள் செய்கிறார்கள், தீண்டப்படாதவரிடம் மட்டும் இவற்றை இந்து வாங்க மாட்டான் என்று சுட்டிக்காட்டுகிறார். இந்து முதலாளிகளின் தனியார் கம்பெனிகள் தங்கள் அலுவலகங்களில் பல படிநிலைகளிலும் இவர்களுக்கு வேலை கொடுத்து உதவலாமே என்று கேட்கிறார். கவனியுங்கள். முதலாளி தலைவராக இருந்த ஒரு சங்கத்திடம் அம்பேத்கர் கேட்டது தொண்டு அல்ல, வேலை.

அந்தக் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்று அவர் பின்னாளில் எழுதினார். சங்கத்திலிருந்தும் விலகிக்கொண்டார். சங்கத்தை நடத்தும் இடத்தில் தாழ்த்தப்பட்டவர்கள் ஏன் இல்லை என்று கேட்டபோது காந்தி சொன்ன நியாயம், இது சாதி இந்துக்கள் தீர்க்க வேண்டிய கடன், கடன்காரன்தான் தீர்க்கும் வழியைப் பார்க்க வேண்டும் என்பது. வங்கியில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். கடன் வாங்கியவனே தவணையையும் வட்டியையும் தள்ளுபடியையும் தானே தீர்மானித்துக்கொள்கிற வங்கியை உலகத்தில் எங்கேயும் நாம் பார்த்ததில்லை.

அந்தக் கடிதத்துக்கு இன்றைய கம்பெனிகளாவது பதில் சொல்லியிருக்கின்றனவா?

தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்ற பேச்சு டெல்லியில் பலமாக எழுந்தபோது, சி.ஐ.ஐ., அசோசாம் என்ற முதலாளிகள் சங்கங்கள் ஜே.ஜே. இரானி தலைமையில் குழு போட்டு 2006-ல் ஒரு நடத்தை விதியைக் கொண்டுவந்தன. சட்டம் வேண்டாம், நாங்களே விருப்பப்பட்டுச் செய்கிறோம் என்றன. தன்னார்வம் என்ற சொல் அங்கே என்ன வேலை செய்தது பாருங்கள்! சட்டம் வரும் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டது.

மறு ஆண்டே, 2007-ல், சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரியான தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். மேல்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆள் போகவில்லை, முகம் காட்டவில்லை, வாய் திறக்கவில்லை. பெயரே போதுமானதாக இருந்தது. 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு 1,000 பெரிய கம்பெனிகளின் 9,052 இயக்குநர்களைப் பார்த்தது. முற்பட்ட சாதியினர் சுமார் 93 சதவீதம். தலித்துகளும் பழங்குடிகளும் சேர்த்து 3.5 சதவீதம்.

இன்றைக்கு இதைவிடச் சிறப்பான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் ஆண்டுதோறும் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்று செபி கட்டளையிட்டது. அந்தப் படிவத்தில் ஊழியர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, மாற்றுத்திறனாளி எத்தனை என்று கேட்கிறார்கள். நல்லது, கேட்க வேண்டியதுதான். தலித் எத்தனை, பழங்குடி எத்தனை என்ற கேள்வி இல்லை. ஆனால் சி.எஸ்.ஆர். திட்டங்களின் பயனாளிகளில் விளிம்புநிலை மக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்ல ஒரு கட்டம் இருக்கிறது. அதுவும் விரும்பினால் நிரப்பலாம். ஆக, வேலை கொடுக்கும் இடத்தில் நம்மை எண்ண மாட்டார்கள். தானம் கொடுக்கும் இடத்தில் எண்ணுவார்கள். ஊருக்குள் ஆளைக் கணக்கில் சேர்க்காமல், சேரியில் கஞ்சி ஊற்றும்போது மட்டும் தலை எண்ணுகிற பழைய மிராசுதார் கணக்குத்தான் இது.

கௌரவமான வேலை என்பது எட்டாவது இலக்கு. ஆறாவது இலக்கு சுகாதாரம். நம் ஆட்கள் இந்த இரண்டு இலக்குக்கும் நடுவில் மலக்குழியில் மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் ஒரு சட்டம். 2014 மார்ச் 27-ல் உச்சநீதிமன்றம் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபர் 20-ல் அதை 30 லட்சமாக்கியது. சாவின் விலைதான் ஏறியிருக்கிறது. சாக்கடை, கழிவுத் தொட்டித் தொழிலாளர்களை மத்திய அரசே கணக்கெடுத்தபோது, 2024-ல் வெளிவந்த விவரப்படி, பதிவான சுமார் 38,000 பேரில் கிட்டத்தட்ட 69 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். நம் திருச்சி 2016 தூய்மை நகரப் பட்டியலில் 73 நகரங்களில் மூன்றாவதாக வந்தது. அந்த மூன்றாம் இடத்தை யார் கைகள் வாங்கித் தந்தன என்று நம்மைத் தவிர யார் கேட்பார்கள்?

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்போ தொண்டு செய்ய வருகிறவர்களை விரட்டிவிட வேண்டியதுதானா என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். அப்படி நாம் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலையில் சொல்லிக் கொடுத்த கணக்கால் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பிள்ளை நம் தெருவிலும் உண்டு. அந்தப் பிள்ளையிடம் போய், உனக்குக் கிடைத்த உதவி ஆதிக்கத்தின் சூழ்ச்சி என்று பிரசங்கம் செய்ய நமக்கு யோக்கியதை கிடையாது. வருகிறவர்களில் நல்ல மனசோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி மனசைப் பற்றியது அல்ல. அந்தத் திறன் எந்தப் பக்கம் திருப்பப்படுகிறது என்பதைப் பற்றியது.

திறனோடு வந்து துணை நிற்பது எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சென்னையில் 2025 ஆகஸ்டில், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியபோது, அவர்களோடு நின்ற வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். சட்டம் என்பது அவர்களுடைய திறன். கூலி வாங்காமல் அதைக் கொண்டுவந்தார்கள். தொழிலாளர்களைத் திருத்த வரவில்லை. தொழிலாளர்கள் கேட்டதற்குத் தோள் கொடுக்க வந்தார்கள். எந்தக் கம்பெனியும் அதற்குச் சான்றிதழ் தராது. இதைத்தான் நாம் திறன்சார் தொண்டு என்போம்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். மணிகண்டம் பக்கம் கள்ளிக்குடியில் 77 கோடி செலவில் புது மார்க்கெட் கட்டி 2017-ல் திறந்தார்கள். திட்டம் போடத் தெரிந்தவர்கள் போட்ட திட்டம்தான். வியாபாரிகள் போகவில்லை. காந்தி மார்க்கெட்டில் வாங்குகிறவர் யார், எப்படி வருகிறார், எதில் ஏற்றிப் போகிறார் என்று மார்க்கெட்டில் வேலை செய்கிறவரிடம் கேட்டிருந்தால் காசில்லாமலே சொல்லியிருப்பார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கில் மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போனது. மண்டிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், மறுபடி வந்தார்கள். மூட்டை தூக்குகிறவரும் தரைக்கடைக்காரரும் எங்கே போனார்கள் என்று யார் கணக்கெடுத்தது? இப்போது பஞ்சப்பூர். 2025 மே மாதம் அங்கே புதுப் பேருந்து முனையம் திறந்தார்கள். ஒருங்கிணைந்த காய்கனி அங்காடிக்கும் அடிக்கல் நாட்டினார்கள். அந்த அங்காடி வருவது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். வரும்போது கடைக்கு வாடகைச் சீட்டு வைத்திருப்பவர் பெயர் பட்டியலில் இருக்கும். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர் பெயர்?

அதற்குச் சட்டம் இருக்கிறது. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், அவர்களைக் கணக்கெடுக்காமல் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், பட்டியல் சாதியினருக்கும் உரிய இடம் வேண்டும் என்கிறது. 2020-ல் தொடங்கிய ஸ்வநிதிக் கடன் முதல் தவணை 10,000 ரூபாயாக இருந்தது. 2025-ல் 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, அதற்கடுத்து 50,000. ஆனால் மாநகராட்சியின் அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ இல்லாமல் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் அம்மாவைக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவன் என்ன செய்ய முடியும்? கையைப் பிசையலாம். அந்த அம்மா சாயங்காலம் கந்துவட்டிக்காரரிடம் போவார். காலையில் வாங்கி ராத்திரி திருப்புகிற கடனுக்கு வட்டி என்ன என்று மார்க்கெட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே நாவல்பட்டிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ திறனைத் தர வருகிற நண்பர்களுக்கு நம் தேவைப் பட்டியலைத் தருகிறோம். மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தரைக்கடைக்காரர், சுமைத் தொழிலாளி ஒவ்வொருவரையும் பெயர் விடாமல் பதிவு செய்ய, அவர்களுடைய சங்கங்களோடு உட்கார்ந்து வேலை செய்யுங்கள். அந்தப் பட்டியல் உங்கள் கம்பெனியிடம் அல்ல, சங்கத்தின் கையில் இருக்கட்டும். கணக்காளர்களே, ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று பிடித்த பணம் கட்டப்பட்டதா என்று தேடிச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் மேம்பாட்டு நிதிக்காக 2024-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நாம் மக்கள்தொகையில் 20 சதவீதம். நம் பெயரில் ஒதுக்கிய பணம் எந்தத் துறையில், எந்தத் தலைப்பில் போய்ச் சேர்ந்தது என்று பட்ஜெட் புத்தகத்தைப் பிரித்து நமக்குப் புரிகிற தமிழில் எழுதித் தாருங்கள். இவையெல்லாம் திறன் இல்லாமல் செய்ய முடியாத வேலைகள்தான். எங்களுக்குக் கை கழுவத் தெரியும், சார். எங்கள் கையை யார் அழுக்காக்கினது என்று கணக்கெடுக்க வாங்க.

வருகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் மாணவத் தோழர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலை எங்களுக்கு வேண்டும் என்று முடிவு செய்தது யார்? முடிவெடுக்கும் இடத்தில் எங்களில் எத்தனை பேர்? நீங்கள் போன பிறகு இது யார் கையில் நிற்கும்? உங்கள் கம்பெனியில் கழிவறை கழுவுபவர் நேரடி ஊழியரா, ஒப்பந்தமா, அவர் எந்தத் தெருக்காரர்? உங்கள் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் எங்கள் ஆள் உண்டா? கோபமாகக் கேட்க வேண்டாம். சாதாரணமாகவே கேளுங்கள். கேள்வி போதுமான அளவு சூடாக இருக்கிறது.

கடைசியாக, நாவல்பட்டிலும் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு. முந்தைய தலைமுறை பெல், பொன்மலைப் பணிமனை, துப்பாக்கித் தொழிற்சாலை, வங்கி என்று நுழைந்தது இடஒதுக்கீடு என்ற சட்டத்தால். யாருடைய பெருந்தன்மையாலும் அல்ல. உங்களில் பலர் அந்தச் சட்டம் இல்லாத வாசலில் தனியாக, சிலர் பெயரின் பின்பாதியை மறைத்துக்கொண்டு நுழைந்திருக்கிறீர்கள். அதன் வலி எங்களுக்குத் தெரியாததல்ல. உங்களிடமும் ஒருநாள் தன்னார்வப் படிவம் வரும். உங்கள் சேரிக்கே உங்களை விருந்தாளியாக, கம்பெனி பனியன் போட்டு அனுப்பலாம். போங்கள். அதோடு இன்னொரு தன்னார்வ வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்தபடி கேளுங்கள்: நம் கம்பெனியில் தலித் எத்தனை பேர், ஏன் அறிக்கையில் எண்ணுவதில்லை, வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் யார் யார், கேன்டீனையும் துப்புரவையும் எடுத்த ஒப்பந்ததாரர் என்ன கூலி கொடுக்கிறார்? தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

2030-க்குள் 17 இலக்கு என்கிறார்கள். பதினெட்டாவதாக ஒன்றை நாம் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதைச் சேர்க்க ஐ.நா. சபை நம்மை அழைக்கப் போவதில்லை. 1932-ல் கப்பலிலிருந்து வந்த கடிதம் இன்னும் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. அதைப் பிரித்து, ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் நின்று உரக்கப் படிப்போம்.